பாம்பை அழைத்த முக்குளிப்பான்

காட்டோரத்துக் குளம் ஒன்றில் குமிழன் என்ற முக்குளிப்பானும் அவன் மனைவி அல்லியும் குடியிருந்தார்கள். முக்குளிப்பான் என்பது தண்ணீரில் முங்கி முங்கி மீன் பிடிக்கும் குட்டிப் பறவை. கோரைத் தண்டுகளோடு பாசியைப் பின்னி, மிதக்கும் கூடு கட்டி, அதில் நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தார்கள்.

முக்குளிப்பான் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டை விட்டு இறங்கினால், ஈரப் பாசியை அள்ளி முட்டைகள் மேல் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மூடிவிட்டால் அது வெறும் குப்பைக் குவியல் மாதிரி இருக்கும். யார் கண்ணிலும் முட்டை படாது.

குமிழன் நல்லவன்தான். பேச்சில் தேன் ஒழுகும். வழியில் யாரைப் பார்த்தாலும், "ஒரு நாள் நம்ம வீட்டுப் பக்கம் வாங்களேன்!" என்று சொல்லாமல் விடமாட்டான். தவளைக்கும் அதே பேச்சு, நண்டுக்கும் அதே பேச்சு. பக்தியும் அதிகம். கரையில் மருத மரத்தடியில் ஒரு சாமிக் கல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளத்துப் பிராணிகள் எல்லாம் அங்கே கூடிக் கும்பிடும். முதல் வரிசையில் குமிழன்தான் நிற்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அல்லிக்கு நல்ல பசி.

"என்னங்க, கொஞ்ச நேரம் முட்டை மேல உட்காருங்க. ஒரு வாய் மீன் தின்னுட்டு ஓடி வந்துடறேன்!" என்று சொல்லிவிட்டு முங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் கரையில் தவளைகள் கத்தத் தொடங்கின. கும்பிடும் நேரம் வந்துவிட்டது! குமிழனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'அல்லிதான் இப்போ வந்துடுவாளே' என்று நினைத்தான். அவசர அவசரமாக இரண்டே இரண்டு இழைப் பாசியை முட்டைகள் மேல் வீசிவிட்டுக் கரைக்கு ஓடினான்.

அல்லி வாயில் மீனோடு மேலே வந்தாள். கூட்டைப் பார்த்தாள். மீன் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

கூட்டுக்குள் ஒரு சாரைப்பாம்பு! அதன் தொண்டைக்குக் கீழே முட்டை அளவுக்கு ஒரு வீக்கம்!

"ஐயோ! என் முட்டை! யாரைக் கேட்டு என் வீட்டுக்குள்ள வந்தே?" என்று அலறினாள் அல்லி.

பாம்பு நிதானமாகத் தலையைத் தூக்கியது. "என்னம்மா இப்படிக் கேட்கறே? போன வாரம் உன் வீட்டுக்காரர்தானே, 'சாரையண்ணே, ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்'னு கூப்பிட்டாரு! விருந்துக்கு வந்தவன் பட்டினியாவா திரும்பிப் போவான்?"

அல்லி விடவில்லை. தண்ணீருக்குள் முங்கி, கூட்டின் அடியில் இருந்த ஓட்டை வழியாகப் பாம்பின் வயிற்றில் அலகால் மீண்டும் மீண்டும் குத்தினாள். வலி பொறுக்காமல் பாம்பு தண்ணீரில் சரிந்து நீந்திப் போனது. போகும்போதும், "அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன்மா! அன்னைக்கும் அவர் கும்பிடப் போயிருப்பாரு இல்லே?" என்று சொல்லிவிட்டுப் போனது.

சற்று நேரத்தில் குமிழன் மலர்ந்த முகத்தோடு வந்தான். "அல்லி! இன்னைக்கு மனசு நிறையக் கும்பிட்டேன்!" என்றவன் கூட்டைப் பார்த்தான். மூன்று முட்டைகள்தான் இருந்தன.

நடந்ததையெல்லாம் அல்லி குமிழனிடம் சொன்னாள். "பாம்பையா நான் கூப்பிட்டேன்? சும்மா மரியாதைக்குச் சொன்னேன் அல்லி! வாய் தவறிச் சொன்ன பேச்சு!" என்று அழுதான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. "சாமியைக் கும்பிடப் போன நேரத்துலயா இப்படி நடக்கணும்? நான் அவர் எதிரேதானே நின்னேன்! அவர் ஏன் என் வீட்டைப் பார்த்துக்கலை?"

அல்லி கேட்டாள்: "வீட்டைப் பார்த்துக்கச் சொல்லி நான் உங்களைத்தானே உட்கார வெச்சேன்? அது போகட்டும். தவளையைக் கூப்பிட்டீங்க. நண்டைக் கூப்பிட்டீங்க. பாம்பைக்கூடக் கூப்பிட்டீங்க. சாமியை ஒரு நாளாவது நம்ம வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

குமிழனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாராவாரம் கும்பிட்டு முடித்ததும், 'நான் போயிட்டு வர்றேன் சாமி, நீ இங்கேயே சுகமா இரு' என்றுதான் சொல்லி வந்திருக்கிறான்!

"இந்தச் சேத்து நாத்தத்துக்கா அவரைக் கூப்பிடறது?" என்று முனகினான்.

"சேத்தைப் படைச்சவருக்குச் சேறு நாறுமா?"

குமிழன் தலை குனிந்தான். "சாமி... ஒரு நாள் நம்ம வீட்டுப் பக்கம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தான்.

"ஒரு நாளா!" என்றாள் அல்லி.

"இல்ல சாமி! இப்பவே வா! வந்து எங்க கூடவே இரு!"

சொன்னதும் சுற்றிலும் பார்த்தான். சாமி வரும் வீடா இது? அடியில் ஓட்டை, ஓரமெல்லாம் தளர்ச்சி. வெட்கமாகப் போய்விட்டது. அன்று முழுவதும் அடைத்தான், பின்னினான். ஒவ்வொரு இழைக்கும், "சாமி, நான் இந்த நுனியை இழுக்கறேன், நீ அந்த நுனியைப் பிடிச்சுக்கோ!" என்றான். சாமி மறுநுனியைப் பிடித்திருக்கும்போது அரைகுறையாக முடிச்சுப் போட முடியுமா?

அடுத்த வெள்ளிக்கிழமை தவளைகள் கத்தின. அல்லி இரை தேடப் போயிருந்தாள். குமிழன் நகரவில்லை. கூட்டிலேயே இருந்து பாசியைச் சரிசெய்துகொண்டு பேசிக்கொண்டிருந்தான்: "சாமி, இந்தப் பக்கம் நான் மூடறேன். அந்தப் பக்கம் நீ பார்த்துக்கோ."

கோரைக்குள் ஊர்ந்து வந்த பாம்பு சட்டென்று நின்றது. "யாரு கூடத் தம்பி பேசறே?"

குமிழனின் குரல் தடுமாறவில்லை. "வீட்டுல பெரியவர் வந்திருக்காரு, சாரையண்ணே!"

"பெரியவரா! எங்கே?"

"இங்கேயும் இருக்காரு. உங்களுக்குப் பின்னாலயும் இருக்காரு!"

பாம்பு வெலவெலத்துத் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் கோரை சரசரத்தது. காற்றா, கையா என்று நின்று பார்க்க அதற்குத் துணிவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியதுதான், அந்தக் குளத்துப் பக்கமே பிறகு அது வரவில்லை.

சில நாட்களில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. போன நான்காவது மட்டும் போனதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு, அல்லியோடு மருத மரத்தடிக்குப் போனான். எல்லாரும் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வர்றோம் சாமி!" என்று கலைந்தார்கள்.

குமிழன் மட்டும் சொன்னான்: "வா சாமி, வீட்டுக்குப் போகலாம். நிறைய வேலை கிடக்கு!"

கும்பிட்ட இடத்திலேயே கடவுளை விட்டுவிட்டு வராமல், நம் வேலைக்கும் வீட்டுக்கும் அவரைக் கூடவே அழைத்து வர வேண்டும்.