நாய்க்கு நடந்த வரவேற்பு விழா

அல்லிக்குளத்துக் காட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. தானாக வரவில்லை. மூடிப்போன செங்கல் சூளையில் ஆட்கள் அதைக் கயிற்றில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குரங்குதான் கயிற்றைக் கடித்து அறுத்துக் கூட்டி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த நல்ல காரியத்தைக் குரங்கு ஒரு மரம் பாக்கியில்லாமல் ஏறிச் சொல்லிவிட்டது.

"அப்பேர்ப்பட்ட கயிறு! எனக்குப் பல்லே ஆடிப்போச்சு!"

நாயோ வந்ததும் ஒரு முள்புதருக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம். இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் பிழைக்காது. அது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

கரடி உடனே கூட்டம் போட்டது. அந்தக் காட்டில் எந்தக் கூட்டத்துக்கும் கரடிதான் தலைவர்.

"நம்மை நம்பி ஒரு ஜீவன் வந்திருக்கு! நாம என்ன செய்யணும்?"

"தின்ன ஏதாவது குடுக்கணும்" என்றது முயல்.

"அவசரப்படாதே! முதல்ல வரவேற்பு விழா. தீனி அப்புறம்!"

மயில் ஆடுவதாக முடிவாயிற்று. குரங்கு, தான் நாயை மீட்ட கதையைப் பேசுவதாக முடிவாயிற்று. பெயர் வைப்பதில்தான் தகராறு. 'ரணசூரன்' என்று வைக்கச் சொன்னது கரடி. 'அழகேசன்'தான் வேண்டும் என்றது மயில். ரணசூரனா அழகேசனா என்று தெரியாமல் நாய் புதருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

குளத்துச் சேற்றில் கிடந்த எருமை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எருமையக்கா, நீங்க விழாவுக்கு வரலையா?" என்று கேட்டது மயில்.

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்? நீங்க நடத்துங்க."

"பாருங்களேன்! கொஞ்சமாவது இரக்கம் இருக்கா!" மயில் தோகையை ஒரு உதறு உதறியது.

விழா தொடங்கியது. பின்னங்காலைப் பிடித்து நாயை வெளியே இழுத்தது குரங்கு. மயில் அதன் மூஞ்சிக்கு எதிரே படபடவென்று தோகையை விரித்தது. நாய் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

"ஆனந்தத்தைப் பாருங்க!" என்றது கரடி.

வரவேற்பு என்றால் மாலை போட வேண்டுமே! காட்டுக்கொடியில் கொன்றைப்பூவைக் கோத்து வைத்திருந்தார்கள். கரடி அதை இரண்டு கையாலும் தூக்கியது. கயிறு அறுத்த புண் நாயின் கழுத்தில் இன்னும் ஆறவில்லை. வட்டமாக ஒரு கொடி தலைக்கு மேலே வருவதைப் பார்த்ததும் அது அலறியது.

"கழுத்து வேண்டாம்! சாமி, கழுத்து வேண்டாம்!"

கரடியின் காலுக்கு நடுவே புகுந்து ஓட்டம் பிடித்தது.

"நன்றி கெட்டது!" என்றது குரங்கு. மாலை வீணாகக் கூடாதே என்று கரடி அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டது.

நாய் குளத்தங்கரைக் கோரைப்புல்லுக்குள் விழுந்து ஒளிந்தது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடி வந்தியா? சரி, இரு."

"எதுக்கு?" என்றது நாய்.

"எதுக்கும் இல்ல. சும்மா இரு."

"கிட்ட வரணுமா?"

"வேண்டாம். உனக்கு எங்க தோணுதோ அங்க இரு."

எருமை பின்னங்காலால் சேற்றைக் கலக்கியது. இரண்டு மீன் கரையில் வந்து துள்ளி விழுந்தன. "நான் புல் தின்கிறவ. எனக்கு அது ஆகாது" என்று சொல்லிவிட்டு எருமை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

நாய் மீனைப் பார்த்தது. மூக்கை நீட்டியது. அந்த நேரம் பார்த்து மொத்தக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

"கண்டுபிடிச்சாச்சு! பிடிங்க! நானே ஊட்டி விடறேன்!" என்றது கரடி.

எருமை எழுந்தது. சேறு சொட்டச் சொட்ட வந்து குறுக்கே நின்றது.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க."

"என்னது?"

"முதுகைக் காட்டி நில்லுங்கன்னேன். கொம்பு தெரியுதா?"

கொம்பு நன்றாகத் தெரிந்தது. மாலையோடு கரடியும், தோகையோடு மயிலும், முயலும், குரங்கும் வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள்.

"அக்கா, என்ன நடக்குது?" என்றது குரங்கு.

"பேசாதே."

"ஒரே ஒரு கண்ணால மட்டும் பாத்துக்கறேனே!"

"குரங்கே!"

வெயில் சாய்ந்தது. மயில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. கரடிக்கு முதுகு அரித்தது, சொறியப் பயம். தங்களை யாருமே பார்க்காமல் அவர்கள் இவ்வளவு நேரம் நின்றது அதுவே முதல் தடவை.

கடைசியில் பின்னால் 'நறுக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'நறுக்'.

"விழா வெற்றி!" என்று கிசுகிசுத்தது கரடி. முயல் அதன் காலை மிதித்தது.

அப்புறம் மெல்லிசாக ஒரு குரல் கேட்டது.

"இன்னொண்ணு கிடைக்குமா, அக்கா?"

யாரும் திரும்பவில்லை. எருமை மறுபடி சேற்றில் காலை விட்டது.

பயந்து வந்த உயிருக்கு உதவ நினைப்பவர், தன் நல்ல மனதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விட வேண்டும்.