சுகந்தராயனின் நுரைத்தைலம்

செந்நெல்பட்டினத்து மன்னர் அதிரூபசேனருக்குத் தம் தலைமுடிமேல் கொள்ளைப் பிரியம். அதில் கால்வாசியை ஊர்மேல் வைத்திருந்தால் ஆற்றுக்கு எப்போதோ பாலம் வந்திருக்கும். இப்படிப்பட்டவரிடம் போய், "கூந்தல் முழங்கால்வரை வளரும் மகாராஜா!" என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

சொன்னவன் சுகந்தராயன், கடல் கடந்து வந்த வியாபாரி. அவன் கொண்டுவந்த சரக்கின் பெயர் நுரைத்தைலம். ஒரு கரண்டி ஊற்றினால் அண்டா நிறைய நுரை. மல்லிகைத் தோட்டமே சபைக்குள் புகுந்துவிட்டதுபோல வாசனை.

"இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்?" என்று கேட்டார் வேதாசலம். சபையின் சாதுர்யக்காரர் அவர்தான்.

"பதினேழு ரசாயனங்கள். அதற்குமேல் பரம ரகசியம்" என்று சிரித்தான் சுகந்தராயன்.

"மகாராஜா, உள்ளே என்ன போட்டேன் என்று சொல்லாத சமையல்காரன் கையால் தாங்கள் சாப்பிடுவீர்களா?"

"சாப்பிடுவது வாயால், வேதாசலம். தலைக்கு வாய் இருக்கிறதா?"

"தேய்க்கிற எண்ணெயைக் குடிக்கிறதே, மகாராஜா! போன வாரம் இதைத் தேய்த்துக் குளிப்பாட்டிய லாயத்துக் குதிரைக்கு மூன்றே நாளில் பிடரிமயிர் முழுக்க உதிர்ந்துவிட்டது. பாவம், கழுதைகள்கூட அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன."

"கிழட்டுக் குதிரை" என்றான் சுகந்தராயன். தலையை ஓர் ஆட்டு ஆட்டினான். இடுப்புவரை கருகருவென்று முடி புரண்டது. "இதைவிட அத்தாட்சி வேண்டுமா?"

மன்னர் அந்த முடியைப் பார்த்தார். புத்தி அங்கேயே கழன்று விழுந்தது. "வேதாசலம், வாய் ஓயாமல் பேசுகிறீர். வருகிற சனிக்கிழமை உச்சிவேளையில் சபை நடுவே முதலில் உமது தலையில்தான் ஊற்றப்போகிறோம். மறுநாள் நமக்கு. அதன்பின் ஊர் முழுக்க இதுதான்! சீயக்காய் என்ற பேச்சே கூடாது."

வேதாசலத்தின் கை தானாகக் குடுமிக்குப் போனது. பெருமை என்று அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு குடுமி. அவிழ்த்துவிட்டால் அவருடைய மனைவியே பொறாமைப்படுவாள். அந்தக் குடுமிக்கு இன்னும் மூன்று நாள்தான் ஆயுள்!

நேரே சுகந்தராயன் தங்கியிருந்த விருந்தினர் மாளிகைக்குப் போனார். அங்கே குளியலறை வேலை பேச்சிமுத்துவுடையது.

"ஏனப்பா, அந்த வியாபாரி தினமும் இந்த நுரையில்தான் குளிக்கிறாரா?"

"அவரா? புதன், சனி தவறாம எண்ணெய் தேய்ச்சிக்கிறாருங்க. அப்புறம் அரைப்படி சீயக்காய். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என் கையைப் புடிச்சிக் கெஞ்சினாருங்க."

"என்னிடம் சொல்லிவிட்டாயே?"

"நீங்க கேட்டீங்களே, ஐயா!"

வேதாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இதை அப்படியே மன்னரிடம் சொன்னால் நம்புவாரா? அந்த முடியைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. காதால் கேட்க வைக்கவேண்டும். பேச்சிமுத்துவின் காதில் ஏதோ ஓதினார்.

சனிக்கிழமை காலை மன்னர்முன் போய்க் கைகட்டி நின்றார். "மகாராஜா, ஊற்றிக்கொள்ள நான் தயார். சரக்கைச் செய்தவர் எப்படிக் குளிக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் முறை தவறாது. தாங்களும் வந்தால் நாளைக்கு உதவும். ஒரே ஒரு விண்ணப்பம், சத்தம் மட்டும் காட்டக்கூடாது."

அழகுக் குறிப்பு என்றால் மன்னர் எங்கும் வருவார். வந்தார்.

குளியலறையில் சுகந்தராயன் கோவணத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தான். பேச்சிமுத்து அன்றைக்குத் தாராளமாகவே தேய்த்திருந்தான். நல்லெண்ணெய் நெற்றியில் வழிந்து, புருவத்தில் தேங்கி, கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணையும் இறுக மூடியபடி கையை நீட்டினான்.

"எரியுது! சீயக்காயைக் கொண்டா!"

வாசலில் நின்ற மன்னரின் புருவம் மேலே ஏறியது.

"சீயக்காய் தீர்ந்துபோச்சுங்க" என்றான் பேச்சிமுத்து.

"தீர்ந்துபோச்சா? கடைக்கு ஓடு! அரப்பாவது வாங்கிட்டு வா! கடலைமாவுகூடப் போதும்!"

"உங்க ஜாடிதான் இருபது இருக்கே, அதுல ஒரு கரண்டி..."

"வாயை மூடுடா!"

மன்னர் மெல்ல உள்ளே வந்தார். ஒரு ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தார். சுகந்தராயனின் தலைக்குமேல் சாய்த்தார்.

மல்லிகை வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், தேள் கொட்டியவன்போல் துள்ளி எழுந்தான் சுகந்தராயன். கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அலறினான்.

"அடப்பாவி! இதையா என் தலையில ஊத்தப் பாக்குறே? என் முடி என்ன ஆகும்? இது ராஜாவுக்குடா!"

"தெரியும்" என்றார் மன்னர். "ராஜாதான் ஊற்றுகிறேன்."

அதற்குப் பிறகு சுகந்தராயன் ஓடிய ஓட்டத்தைச் செந்நெல்பட்டினத்துக் கடைவீதி வெகுநாள் பேசிக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்டக் கோவணத்தோடு துறைமுகம்வரை போனானாம். வழியில் நாலு பேரிடம் சீயக்காய் கேட்டானாம்.

மன்னர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேதாசலத்துக்குப் போட்டார். பிறகு ஜாடியைத் தூர வைத்துவிட்டு, தயங்கித் தயங்கித் தம் கிரீடத்தைத் தூக்கிக் காட்டினார். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை.

"நேற்றே ஆசை தாங்காமல் ஒரு கரண்டி போட்டுப் பார்த்துவிட்டேன், வேதாசலம். கொஞ்சம் முன்னாடியே சொல்லக்கூடாதா?"