ராஜாவை நிமிர்ந்து பார்த்த ஊர்

கொன்றையூர் என்று ஒரு நாடு. எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ராஜாக்கள் பல்லக்கில் போன காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மணிமகுட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான் குறை.

ஒருநாள் சபையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேற்று மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். மாறுவேடம்கூடப் போடவில்லை. ஒருத்தருக்கும் என்னைத் தெரியவில்லை. ஒரு அம்மாள் விறகுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தெருவுக்குத் தெரு என் படம் இருந்து என்ன பிரயோசனம்?"

அந்தப் படங்களை எல்லாம் வரைந்தவர் தலைமைச் சித்திரக்காரர் அனந்தராயர். "படம் சின்னதாகப் போய்விட்டது மகாராஜா. இன்னும் பெரிதாக வரைந்தால் தெரியும்" என்றார்.

ராஜாவுக்கு அது ஏறவில்லை. "செக்கடிச் சுவரில் மாடு வரைந்தவளைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அவள் பெயர் வடிவு. கடைச்சுவர்களில் படம் வரைகிறவள். செக்கு மாட்டை வரைந்து பக்கத்தில், 'எனக்குத்தான் தலையெழுத்து, சுற்றுகிறேன். உனக்கென்ன? உள்ளே வா' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்து ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தடுமாறிவிட்டார்கள்.

வடிவு வந்து நின்றதும் ராயர் உதட்டைச் சுழித்தார். "வரையத் தெரியாதவர்கள்தான் படத்தில் எழுதி வைப்பார்கள்."

"அப்படி இல்லீங்க ஐயா. என் படம் நாலு பேர் போற வழியில நிக்குது. வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா?"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு சுவர். ஆளுக்கொன்று. என்னை வரையுங்கள். எதை ஜனங்கள் நின்று பார்க்கிறார்களோ, அதை வரைந்தவருக்கே ஊர்ச்சுவர் எல்லாம்."

"தோற்றவர் இனித் தூரிகையைத் தொடக்கூடாது" என்று ராயர் ஒரு முடிச்சுப் போட்டார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தூரிகையை விட்டால் வடிவுக்கு வேறொன்றும் தெரியாது, வேறொன்றும் பிடிக்கவும் பிடிக்காது. ராயரின் பழைய படம் ஒன்றின் எதிரே போய் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் சங்கதி புரிந்தது. ராஜாவின் படத்தைக் கடக்கிறவர்கள் இடுப்புவரை குனிந்து, தரையைப் பார்த்தபடியே போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ராஜாவின் தாத்தா ஏற்படுத்தியது. நூறு படத்தின் முன்னால் நூறு தடவை குனிந்தவர்களுக்கு அவர் முகம் எப்படித் தெரியும்?

போட்டி நாளும் வந்தது. ராயரின் சுவரில் இருபது முழ ராஜா, தங்க மகுடமும் செங்கோலுமாக நின்றார். ஜனங்கள் வந்தார்கள், குனிந்தார்கள், போனார்கள்.

வடிவின் சுவரிலும் குனிந்தார்கள். ஆனால் குனிந்த கண் போய் விழுகிற இடத்தில் ராஜாவின் கால்கள் இருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடக்க, ஒரு கால் மறு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழுத்து.

மோர்க்காரி ஒருத்தி குனிந்தவள் குனிந்தபடியே நின்று, "என்னங்க எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் குனிந்திருந்த வெற்றிலைக்காரரைக் கேட்டாள். அவர் உரக்கப் படித்தார்.

'நீங்கள் குனிந்தே போகிறீர்கள், நான் நின்றே கிடக்கிறேன். உங்களுக்கு முதுகு வலி, எனக்குக் கால் வலி. கொஞ்சம் நிமிருங்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்.'

மோர்க்காரி சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "அட, ராசாவா இது? நம்ம வீட்டு ஆளு மாதிரியில்ல இருக்கார். கண்ணுல தூக்கமே இல்ல பாருங்க, பாவம்."

படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல, தெரு நிறைந்துவிட்டது. கூட்டத்தில் வேட்டியும் துண்டுமாக ராஜாவும் நின்றிருந்தார். மோர்க்காரி திரும்பினாள். சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒரு சொம்பு மோரை நீட்டினாள்.

"மொதல்ல குடிங்க ராசா. அப்புறம் நின்னுக்கலாம்."

ராஜா வாங்கிக் குடித்தார். அவருக்குக் கண் கலங்கியது. பார்த்த வடிவுக்கும் கலங்கியது.

ராயர் விடுவாரா? "பரம்பரை வழக்கத்தையே உடைத்துவிட்டாள் மகாராஜா. இது ராஜநிந்தனை."

"ராயரே, உம்முடைய படத்தில் எத்தனை வருஷமாக நிற்கிறேன்? ஒருத்தராவது எனக்கு மோர் கொடுத்தார்களா?"

ராயர் தலைகுனிந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் குனிந்தவர் அவர் ஒருவர்தான். இடுப்பிலிருந்த தூரிகையை எடுத்துக் கீழே வைக்கப் போனார்.

வடிவு குறுக்கே வந்தாள். "வேண்டாங்க. அந்தத் தங்க மகுடம் மாதிரி எனக்கு வரையவே வராது. ஐயா மேல வரையட்டும், நான் கீழ எழுதுறேன்."

ராஜாவுக்குப் பரம திருப்தி. "ஊர்ச்சுவர் எல்லாம் உங்கள் இருவருக்கும். இனி யாரும் குனிய வேண்டாம்" என்றவர், வடிவை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்றே ஒன்று. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கக் கூடாதா?"

"முடியாதுங்க ராசா. ஊரே பார்த்துடுச்சு. இப்ப சின்னதாக்கினா, யாரோ வேற ராசான்னு திரும்பவும் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

ராஜா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்படியானால் இருக்கட்டும்" என்றார்.