ஷாக்குக்கு ஒரு சாக்கு

செம்பராங்குறிச்சி சமஸ்தானத்தில் நான் ஆஸ்தானப் புலவன். பதினாறு வருஷத்தில் பாடிய பாட்டு ஒன்பது. அதில் இரண்டு பாயசத்தைப் பற்றி. அரண்மனைப் பந்தியில் தூண் ஓரமாக எனக்கென்று ஓர் இலை உண்டு. அந்த இலைக்கு வந்த ஆபத்துதான் இந்தக் கதை.

எங்கள் ராஜாவுக்குக் கார் பைத்தியம். தன் கையாலேயே ஒரு கார் செய்திருந்தார். தகரமும் மூங்கிலும்தான். உட்காரப் பிரம்பு நாற்காலி. நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஏறிப் போனால் எலும்பெல்லாம் இடம் மாறிவிடும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சபை கூடியது. நான் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். குறட்டை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"பழைய ஷாக்கு நாலு வந்திருக்கு. யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?" என்றார் ராஜா.

என் காதில் 'சாக்கு' என்று விழுந்தது. அரண்மனைக்குச் சாக்கில் வருவது சீரகச் சம்பாதான்.

"நான் எடுத்துக்கறேன் மகாராஜா" என்று எழுந்தே விட்டேன்.

கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். நாலும் இரும்பு. கார் குலுங்காமல் தாங்கும் ஷாக் அப்சார்பர். எந்தப் பெரிய காரிலிருந்தோ கழற்றியது. அடியில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் இளகும். எனக்குத் தெரிந்த திருகு தேங்காய் திருகுவது ஒன்றுதான்.

திவான் அம்பலவாணருக்கு என் இலைமேல் வெகுநாளாகக் கண். குச்சி போல இருப்பார். சாப்பிடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"புலவரே முன்வந்தது நம்ம பாக்கியம். வெள்ளிக்கிழமை ராணியம்மா அபிஷேகப் பாலோட இந்தக் கார்லயே கோயிலுக்குப் போகட்டும். செம்பு தளும்பினா, புலவரோட இலையை எடுத்துடலாம்" என்றார்.

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கொல்லர் மாசிலாமணி, துளை சேராத இடத்தில் இரும்புப் பட்டை வைத்து நாலையும் பொருத்தினார். ராஜா தனியாக ஓட்டிப் பார்த்தார். திருகை முழுசாக இளக்கியும் கார் தவளையாகத் துள்ளியது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"கார் என் கைவேலை. இனி அதுல ஒரு ஆணியைத் தொடக் கூடாது. ஷாக்கையும் பிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தளும்பவும் கூடாது" என்றார்.

மாசிலாமணியைத் தனியே கேட்டேன்.

"இது யானை மாதிரி காருக்குச் செஞ்சதுங்க. நம்மது கோழிக்கூடு. வெயிட்டே இல்ல, எப்படி அமுங்கும்?" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன். வெளியே யார் எனக்குச் சோறு போடுவார்கள்? என் பாட்டைக் கேட்டவர்கள் போட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜா ஓட்ட உட்கார்ந்தார். பக்கத்தில் ராணியம்மா, கையில் பால் செம்பு. நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். கார் ஒரு முனகலோடு அமுங்கியது.

வழியெல்லாம் பள்ளம். கார் தொட்டில் போல அசைந்து போனது. கோயில் வாசலில் காத்திருந்த திவான் செம்பை எட்டிப் பார்த்தார். பால் விளிம்போடு அப்படியே நின்றது.

"என்னய்யா செஞ்சீர்?" என்றார் ராஜா.

"காரைத் தொடக் கூடாதுன்னீங்க, ஷாக்கைத் தொடக் கூடாதுன்னீங்க. ஏறி உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே மகாராஜா. இந்த ஷாக்குக்கு வெயிட்டு வேணும். என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

திவான் விடவில்லை. "இதுக்குப் புலவர் எதுக்கு மகாராஜா? பின்னால ஒரு சாக்கு அரிசியை வெச்சா போதுமே. குறட்டையும் விடாது."

அவர் சொன்னது நியாயம். என் வயிற்றின்மேல் கையை வைத்தேன்.

"திவான் சொல்றது சரிதான் மகாராஜா. அதைத்தான் வெச்சிருக்கேன். இதுவும் அரண்மனை அரிசிதான். என்ன, வேக வெச்சது."

ராணியம்மா சிரித்த சிரிப்பில்தான் செம்பு தளும்பியது. கடித்த நாக்கு வலிக்க வலிக்க ராஜாவும் சிரித்தார். அரண்மனைக்குத் திரும்பியதும் சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"புலவர் இலை அங்கேயே இருக்கட்டும். ரோடு மோசமா இருக்கிற அன்னைக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூடப் போடு."