தலைவர் வீட்டு மொய்

தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் 'டிங்' என்றது மண்டி முதலாளி மாசிலாமணியின் போன். தென்னை சங்கத் தலைவரின் ஃபேஸ்புக் பதிவு: "பிட்காயின் அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்."

"உங்க எல்லார் போனஸையும் இதுல போடப்போறேன்டா. மொய் மாதிரி, திரும்பி வராம போயிருமா?" என்றார்.

மட்டை உரித்துக்கொண்டிருந்த கறுப்பையா பாரையை விட்டு நிமிர்ந்தான்.

"மொய் விருந்துன்னா முதல்ல சோறு போடுவாங்க, முதலாளி. இரட்டிப்பா தரப்போறதுல நம்ம பங்கை அவரே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்க. அவ்வளவு பெரிய மனுஷர் மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

முதலாளி ஜம்பமாக எழுதி அனுப்பினார். மறு நிமிடமே தலைவரின் கணக்கு அவரை பிளாக் செய்துவிட்டது. பதறிப்போய்த் தலைவரையே போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, காலையிலேருந்து என் ஃபேஸ்புக்கை எவனோ திருடி வச்சிருக்கான்!"

முதலாளி போனஸ் கவர்களை அவரவர் கையில் கொடுத்தார். கறுப்பையா அடுத்த காயைப் பாரையில் குத்தினான்.