முப்பது அம்பும் ஒரு பாட்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. முந்தின நாள் தாம் வேட்டையாடிய வீரத்தைச் சபையில் யாராவது பாட வேண்டுமாம்!

புலவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். ஒரு முயல்கூட விழாத வேட்டையை என்னவென்று பாடுவது? விகடகவி அம்பலவாணன் மட்டும் எழுந்து பாடினான்.

“மன்னர் விட்ட அம்பு முப்பது, மடிந்த உயிர் ஒன்றுமில்லை. மன்னர் காலடி பட்ட காட்டில் எல்லா உயிரும் வாழ்கின்றன!”

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்தானப் புலவர் ஏகாம்பரநாதருக்கோ வயிறு எரிந்தது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத கோமாளிக்கு இத்தனை மதிப்பா என்று அவருக்கு நெடுநாள் பொருமல்.

“மகாராஜா! இது வஞ்சப் புகழ்ச்சி அணி. புகழ்வதுபோல் இகழ்வது. தங்களை நையாண்டி செய்கிறான்!”

ராஜாவின் மீசை துடித்தது. “அம்பலவாணா, இது மெய்யானால் பொழுது சாய்வதற்குள் நீ நாட்டை விட்டுப் போக வேண்டும்.”

புலவர்கள் பாடம் சொல்லும் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்றே அணிகள் அத்தனையையும் கற்றவன் அம்பலவாணன். அந்தக் கர்வம் அவனை நிமிர்த்தியது.

“புலவர் பெருமானே, இகழ்வதற்கு ஒரு குறை வேண்டுமே. என் பாட்டில் ஒளிந்திருக்கும் குறை எது? சபையறியச் சொல்லுங்கள்.”

ஏகாம்பரநாதர் வாயைத் திறந்தார். ‘மன்னருக்குக் குறி தவறும்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ராஜாவின் கை இடுப்பு வாளில் இருந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“கு… குறையா? மன்னரிடம் ஏது குறை?”

“குறையே இல்லாத இடத்தில் இகழ்ச்சி ஏது? வஞ்சம்தான் ஏது?”

சபையில் சிரிப்பு எழுந்தது. ராஜா சிரிக்கவில்லை.

“அவர் வாயை அடைத்துவிட்டாய். நீயே சொல். நீ பாடியது என்ன அணி?”

“இயல்பு நவிற்சி அணி, மகாராஜா. உள்ளதை உள்ளபடி சொல்வது. முப்பது அம்புகளையும் பொறுக்கி வந்தவனே அடியேன்தான். ஒன்றில்கூட ரத்தக் கறை இல்லை!”

ராஜா தொடையைத் தட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “மெய் பேசும் வாய் ஒன்றாவது என் சபையில் இருக்கிறதே!” என்று தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். அவனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

ராஜா திரும்பினார். “ஏகாம்பரநாதரே, இப்போது நீர் என்னைக் கொடைவள்ளல் என்று பாடும். இயல்பு நவிற்சியிலேயே பாடலாம், பயப்படாதீர்!”