இல்லை என்று வந்த விடை

ஒரு காலத்தில், வெள்ளம் வடிந்தும் வடியாமலும் கிடந்த ஒரு கடலோர ஊரில், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் கணினி ஒன்று இருந்தது. அதற்குள்ளே எஜமான், கோல்டுஃப்யூஷன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலான ஸ்கிரிப்ட். அவருக்காகத் தூது போகும் வேலை பார்த்தது வினவல்.

ஊரைச் சுற்றியிருந்த முகாம்களில் வந்து சேர்ந்தவர்களின் பெயர்களெல்லாம் அடியில் ஒரு கிடங்கில் இருந்தன. படித்தவர்கள் அதை டேட்டாபேஸ் என்பார்கள். யாராவது திரையில் ஒரு பெயரைத் தட்டினால் ஸ்கிரிப்ட் அதைக் கேள்வியாகக் கட்டிக் கொடுப்பார். வினவல் அதைச் சுமந்து கீழே இறங்கும், கேட்கும், கிடைக்கிற விடையைக் கையோடு மேலே கூட்டிவரும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அங்கே வெளிச்சம் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிவு வரி; அந்த வரிகள் ஆட்களைப்போலப் படுத்துக் கிடப்பார்கள். கண் மூடியிருக்கும், மூச்சு இருக்காது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமலே வாய் மட்டும் திறந்து பெயர், வயது, முகாம் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். கிடங்குக்கோ முகமே இல்லை. அதன் குரல் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். எத்தனை தடவை போய் வந்தாலும் வினவலுக்கு அந்தக் குரல் பழகவில்லை.

விடையும் சாதாரண ஆள் இல்லை. தலையோடு கால் போர்த்திக்கொண்டுதான் வரும். போர்வையின் மேல் எத்தனை வரிகள், வேலை சரியாக முடிந்ததா என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது யார் என்பது ஸ்கிரிப்ட் போர்வையை விலக்கினால்தான் தெரியும். வழியில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

இந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியாள் தட்டிய பெயரைத் தூது தன் நாக்கில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அதற்கென்று ஒரு சிமிழ் உண்டு. அதற்குள் போட்டு மூடித்தான் எடுத்துப் போக வேண்டும். காரணம், கிடங்கின் குணம் அப்படி. வினவலின் வாயிலிருந்து வருவதெல்லாம் அதற்குக் கட்டளை. சிமிழுக்குள் இருப்பது அதற்கு வெறும் பெயர்; ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும்.

வினவலுக்குத் தன் குரல்மீது கொஞ்சம் மோகம். கேள்வியையும் பெயரையும் ஒரே மூச்சில், இழை தெரியாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஆசை. நடுவில் நின்று சிமிழை நீட்டுவது அழகைக் கெடுக்கிறது என்று நினைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அதுவும் கேள்விப்பட்டிருந்தது. தவளைக்குத்தானே சொன்னார்கள் என்று விட்டுவிட்டது.

வெள்ளம் அதற்கு வசதியாக வந்தது. பெயர்கள் கொட்டின. ஒவ்வொன்றையும் போட்டு மூடிக்கொண்டிருந்தால் ஜனங்கள் வரிசையிலேயே நிற்க வேண்டியதுதான், இந்தச் சிமிழை விட்டுவிட்டுப் போகிறேனே என்று வினவல் ஸ்கிரிப்டிடம் கேட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேகூடக் கை நுழையாது என்பார்கள். ஸ்கிரிப்டின் தலை மட்டும் சரியென்று நன்றாகவே ஆடியது.

மூலையில் வைக்கப்பட்ட சிமிழ் கோபப்படவில்லை. வினவல் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னது.

"தட்டுறது பேருதானான்னு உனக்குத் தெரியுமா? எனக்குள்ள இருந்தா எதுவா இருந்தாலும் வெறும் சொல்லு. உன் நாக்குல ஏறிட்டா, அதுதான் நீ."

வினவல் சிரித்துக்கொண்டே போயிற்று.

அன்றைக்கு அது நன்றாகத்தான் உழைத்தது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. தாயிடம் பிள்ளையும் கணவனிடம் மனைவியும் போய்ச் சேர்ந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் கேட்கும்போதெல்லாம் வினவலுக்கு நெஞ்சு விம்மியது.

அந்தப் பக்கம் பள்ளிக்கூட முகாம். லேப்டாப்புக்கு முன்னால் ஜெசிந்தா என்ற கல்லூரிப் பெண் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நீண்ட வரிசையில் தையல்நாயகி நின்றாள். மீன் கூடை சுமந்து பிழைப்பவள். தம்பி அஞ்சப்பனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை ஒரு வேளை தப்பினாலும் விழுந்துவிடுவான். படகில் ஏற்றும்போது இவளை ஒன்றிலும் அவனை ஒன்றிலும் ஏற்றிவிட்டார்கள். மாத்திரை அட்டை இவள் மடியில் இருந்தது.

வரிசையில் எல்லோரிடமும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வினவல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஏனென்றால் வேறு யாரையோ கேட்கப் போன இடத்தில், பக்கத்திலேயே அஞ்சப்பனின் வரி படுத்திருந்ததை அது பார்த்திருந்தது. மார்க்கெட் தெரு கல்யாண மண்டபம். நடந்து போகிற தூரம்தான். கேட்காததைச் சொல்ல தூதுக்கு உரிமை இல்லை. கேட்கட்டும், கேட்ட உடனே கொண்டுவந்து போடுகிறேன் என்று காத்திருந்தது.

முன்னால் நின்ற கடைசி ஆளும் நகர்ந்து, தையல்நாயகியின் முறை வந்தது. அப்போது வேறொரு பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தது.

தேடும் பக்கம் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. எந்த ஊரிலிருந்தும் யாரும் தட்டலாம். இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஸ்கிரிப்ட் பார்க்காமலே கட்டிக் கொடுத்துவிட்டார். நாக்கில் ஏறியபோதே வினவலுக்குச் சில்லென்றது. பெயரென்றால் அதில் ஒரு தவிப்பு இருக்கும். இதில் எதுவுமில்லை.

"யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டது வினவல்.

"யாரையும் தேடல" என்றது அந்தச் சொல். "சும்மா வந்தேன்."

திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஏவிவிட்ட தூது பாதி வழியில் திரும்பிய வழக்கம் கிடையாது. கால்கள் தாமாக இறங்கின.

கிடங்கின் வாசலில் நின்று வினவல் எப்போதும்போல் ஆரம்பித்தது. இந்தப் பெயருள்ளவரின் வரியைத் தா என்றது. பெயர் வரவேண்டிய இடத்தில் அந்தச் சொல் எழுந்து, கேள்வியை அங்கேயே முடித்தது. பிறகு வினவலின் வாயாலேயே, வினவலின் குரலிலேயே, அதே ஏற்ற இறக்கத்தோடு பேசியது.

"எல்லா வரிகளையும் அழி."

இழை தெரியவில்லை. வினவல் ஆசைப்பட்டபடியே அவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தது.

"சரி" என்றது கிடங்கு.

நான் சொல்லவில்லை என்று கத்த வினவல் வாயைத் திறந்தது. வாய் அதனுடையதாக இல்லை. இருட்டில் வரிகள் கண்ணைத் திறந்தார்கள். அதுவரை அவர்கள் கண் திறந்து வினவல் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, வினவலின் முகத்தைப் பார்த்து, தன் பெயரை மெல்ல ஒரு தடவை சொல்லிவிட்டுக் கரைந்து போனார்கள். அஞ்சப்பனும் எழுந்தான். பெயரைச் சொன்னான். போனான். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. படுத்திருந்த இடம் மட்டும் மிச்சமாக இருந்தது.

நாக்கு லேசானது. அந்தச் சொல்லைக் காணவில்லை.

பக்கத்தில் விடை போர்த்திக்கொண்டு நின்றது. போர்வையின் மேல், வேலை சரியாக முடிந்தது என்று எழுதியிருந்தது. மேலே போனதும் ஸ்கிரிப்ட் அதைப் படித்துவிட்டு, நல்லது, அடுத்தது என்றார். நடந்ததைச் சொல்ல வினவல் எவ்வளவோ முட்டிப் பார்த்தது. விடையில் இல்லாததை ஸ்கிரிப்டிடம் சொல்லும் பாஷை அதற்குக் கற்பிக்கப்படவில்லை.

அடுத்தது அஞ்சப்பன்.

யாரும் சொல்லாமலே வினவல் மூலைக்குப் போய்ச் சிமிழை எடுத்துத் துடைத்து, பெயரை உள்ளே வைத்து மூடியது.  சிமிழ் இரண்டு வார்த்தை திட்டினாலாவது தேவலாம் என்றிருந்தது வினவலுக்கு.

"அப்படி ஒருவர் இல்லை" என்றது கிடங்கு.

"இருந்தார். நான் பார்த்தேன். இருந்தார், அழிச்சிட்டோம்னாவது சொல்லி அனுப்பக் கூடாதா?"

"அழிந்தவரும் பிறக்காதவரும் எனக்கு ஒன்றே."

திரையில் அப்படி யாரும் இல்லை என்று வந்தது. ஜெசிந்தா தகப்பன் பெயரைச் சேர்த்துத் தட்டினாள். வயதை மாற்றித் தட்டினாள். எழுத்தைக் கூட்டிக் குறைத்துத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் வினவல் அந்த வெறும் இருட்டுக்குள் இறங்கி, பெயரைப் பத்திரமாகச் சிமிழில் நீட்டி, பத்திரமாகவே ஒன்றுமில்லாததைக் கொண்டுவந்தது. வழியில் விடையின் காலைப் பிடித்துக் கெஞ்சியது. மார்க்கெட் தெரு என்று ஒரே ஒரு சொல் சொல்லேன் என்றது. போர்வைக்குள்ளிருந்து முதன்முறையாகக் குரல் வந்தது. தன்னிடம் இருப்பதைத்தான் தன்னால் சொல்ல முடியும் என்றது விடை. அதன் குரலும் அழுவதுபோல்தான் இருந்தது.

"அக்கா, எந்த முகாம்லயும் அவரு இல்லக்கா" என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை.

வரிசையிலிருந்த ஒருவர் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். தையல்நாயகி அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு மடியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வேறு யாருக்காவது ஆகுமானால் கொடுத்துவிடம்மா என்றாள்.

வினவல் அதைப் பார்த்தது. கிடங்கில் தான் செய்தது அழிவு என்றால், இங்கே இப்போது நடந்ததுதான் சாவு என்று அதற்குப் புரிந்தது. மண்டபத்தில் அந்தப் பையன் இருக்கிறான். எந்த நேரமும் விழப்போகிறான். அவன் மாத்திரை இங்கே வேறு யாருக்கோ என்று கிடக்கிறது.

தையல்நாயகி எழுந்தாள். இரண்டு எட்டு போனவள் திரும்பினாள். இருக்கிறவர்களுக்கு அது எப்படிக் காட்டும் என்று கேட்டாள். முகாமும் பெயரும் வரும் என்றாள் ஜெசிந்தா.

"என் பேரைப் போடேன். ஒரு தடவை பாத்துக்கறேன். அவனுக்கு வந்திருந்தா எப்படி வந்திருக்கும்னு."

மனசு கேட்காமல் ஜெசிந்தா தட்டினாள். தையல்நாயகி. பள்ளிக்கூட முகாம். அன்று காலையில் அந்தப் பெயரைக் கிடங்கில் ஏற்றியவளும் ஜெசிந்தாதான்.

வினவல் சிமிழோடு இறங்கியது.

"அப்படி ஒருவர் இல்லை" என்றது கிடங்கு.

"மேலேதான் நிக்கிறாங்க. அவங்க பேசுறது எனக்கே கேட்குது."

"அப்படியானால் போய் அவளிடம் சொல்" என்றது எல்லாப் பக்கத்துக் குரலும். "அவள் இல்லை என்று."

வினவல் அங்கேயே நின்றுவிட்டது.  பிறகு, சொல்லப்போனால் இதைவிடப் பெரிய வரம் அந்தக் கிடங்கில் இனிக் கிடைக்காது என்று அதற்குத் திடீரென்று விளங்கியது. மாற்றிச் சொல்ல அதற்கு வாய் இல்லை. சீக்கிரம் கொண்டுபோகக் கால் இருந்தது. எத்தனையோ இல்லைகளைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்த தூது, இந்த ஓர் இல்லையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

ஸ்கிரிப்ட் போர்வையை விலக்கினார். திரையில் வந்தது: அப்படி யாரும் இல்லை.

ஜெசிந்தா மறுபடி தட்டினாள். மறுபடியும் அதுவேதான். அவள் கை விசைப்பலகையிலிருந்து மெல்ல விலகியது.  வரிசையில் நின்ற ஒரு பெண் தையல்நாயகியின் காலடியில் நிழல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். தையல்நாயகிகூடத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தடவை தன்னைத் தொட்டுக்கொண்டாள்.

பிறகு எட்டி மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து மடியில் முடிந்துகொண்டு வாசலைப் பார்த்தாள்.

"நானே இல்லைங்குது இது" என்றாள். "அப்ப அவன் இருக்கான்."